மெனியர் நோய்: எந்த அறுவை சிகிச்சை என்று நான் முடிவெடுத்த விதம்

முதலில் இடது காது அடைத்து இரையும். பிறகு அறையே சுழலும். வாந்தியோடு சில மணி நேரம் படுக்கைதான். ரத்த அழுத்தம் என்றே சாட்ஸ்வொர்த்தில் (தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பகுதி) பலரும் சொன்னார்கள். டர்பனில் காது மூக்கு தொண்டை நிபுணர், கேட்கும் திறனைச் சோதித்து, நரம்பில் கட்டி இல்லை என்பதை எம்ஆர்ஐ ஸ்கேனில் உறுதிசெய்துகொண்டு, மெனியர் நோய் என்றார். உள்காதின் திரவம் மிகுந்து தேங்கிவிடும் நோய் இது.

உப்பைக் குறைக்க மாங்காய் ஊறுகாய், கருவாடு எல்லாம் விட்டேன். பீட்டாஹிஸ்டின் மாத்திரையும், செவிப்பறை வழியாகப் போட்ட ஸ்டீராய்டு ஊசியும் நிலைத்த பலன் தரவில்லை.

“ஒரேயடியாகத் தீர்வதைச் செய்துவிடலாமே அம்மா” என்றாள் மகள். அப்படியும் ஒன்று உண்டு: லாபிரிந்தெக்டமி. உள்காதில் உள்ள சமநிலை உறுப்பையே அகற்றுவதால் பெரும்பாலோருக்குச் சுழற்சி நிற்கும். ஆனால் அந்தக் காது முற்றிலும் செவிடாகும். எனக்கு அந்தக் காதில் இன்னும் பேச்சு புரிகிறது. கோயிலில் தேவாரம் பாடுகிறேன். மேலும், பின்னாளில் மறு காதிலும் இந்நோய் வரக்கூடும். அதனால் எனக்கு அது வேண்டவே வேண்டாம் என்றேன். சமநிலை நரம்பை மட்டும் வெட்டினால் கேட்கும் திறன் பெரும்பாலும் தங்கும். ஆனால் அதற்கு மண்டையோட்டைத் திறக்க வேண்டும். சமநிலை உறுப்பைச் செயலிழக்கச் செய்யும் ஜென்டமைசின் மருந்தை ஊசியாகச் செவிப்பறை வழியே போடக் கத்தி தேவையில்லை என்றாலும் அதுவும் கேட்கும் திறனைக் குறைத்துவிடலாம்.

மிஞ்சியது, காதின் பின்புற எலும்பைக் குடைந்து உள்காதின் திரவப் பையின் மீதுள்ள அழுத்தத்தைத் தளர்த்தும் சிகிச்சை. இதன் பலன் குறித்து மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1981-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், பையில் குழாய் வைக்கப்பட்டவர்களும் பையைத் தொடாமல் எலும்பை மட்டும் குடையப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்தார்கள். மருத்துவர் இதை மறைக்காமல் சொன்னதால்தான் அவரை நம்பி இந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தேன்.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) முன்அனுமதிதான் பெரும்பாடு. அவசியமற்ற சிகிச்சை என்று முதலில் மறுத்தார்கள். அடுத்தடுத்து எடுத்த ஆடியோகிராம்களையும் (கேட்கும் திறன் சோதனைப் பதிவுகள்), தலைச்சுற்றல் வந்த தேதி, நீடித்த நேரம் எல்லாம் எழுதிவைத்த நோட்டின் நகலையும் மருத்துவரின் கடிதத்தோடு அனுப்பிய பிறகே அனுமதி எண் வந்தது. இந்நோய் உள்ள ஒவ்வொருவரும் அப்படி ஒரு நோட்டு வைத்திருங்கள்.

இப்போது சுழற்சி எப்போதாவதுதான் வருகிறது. இரைச்சல் அப்படியே இருக்கிறது. கேட்கும் திறன் மேலும் குறையவில்லை. பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்த நடைப் பயிற்சியைத் தொடர்கிறேன். சுழற்சி மீண்டும் வலுத்தால் குறைந்த அளவில் ஜென்டமைசின் என்று மருத்துவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.