பைபாஸுக்கே ஒரு பைபாஸ்

ரோடு போடுறது ஒரு ஆபீஸ், எந்த இடத்துல வீடு வரலாம் கடை வரலாம்னு அப்ரூவல் குடுக்கறது வேற ஆபீஸ், ரெண்டு பேரும் ஒரே மேப்பை வெச்சு உக்காந்து பேசறதே இல்ல, பிரச்சனையே அங்கதான். நெரிசல் குறையணும்னு ஊருக்கு வெளில பைபாஸ் போடுவாங்க. போட்ட கையோட ரெண்டு பக்கமும் லேஅவுட், குடோன், ஸ்கூல்னு வந்துரும், ஒவ்வொண்ணுக்கும் நேரா பைபாஸ்லயே ஒரு வாசல், அப்புறம் யூ-டர்ன், அப்புறம் சிக்னல்... கடைசில அதுக்கும் ஒரு பைபாஸ் கேப்பாங்க.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல 1947லயே ஃபிங்கர் பிளான்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, கைவிரல் மாதிரி ரயில் போற பக்கம் மட்டும் ஊர் வளரணும், நடுவுல இருக்கற பச்சையை தொடக்கூடாது. பின்னாடி வந்த ரூல் எனக்கு இன்னும் புடிக்கும், பெரிய ஆபீஸ் கட்டணும்னா ஸ்டேஷன்ல இருந்து 600 மீட்டருக்குள்ள கட்டு. பிரேசில்ல இருக்கற குரிடிபா ஊருல பஸ் பாதை ஓரத்துல உயரமா கட்ட விட்டாங்க, தள்ளிப்போகப்போக உயரம் குறையும், பஸ்ஸுக்கும் ஆள் கிடைச்சுது.

ஸ்டேஷன் வாசல்லயே பெரிய பார்க்கிங் கட்டறதை பாத்தா கடுப்பாவுது (வீடும் ஆபீஸும் வரவேண்டிய, நடந்து வர்ற தூரத்துல இருக்கற நிலம்ங்க அது!). லேஅவுட் ஃபைல்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பஸ் ஓட்டறவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டா, முனையில பஸ் திரும்புமா திரும்பாதான்னாவது தெரிஞ்சிருக்கும்.