ராயபுரம் மொட்டை மாடியில் ஒரு மிக்-21

பிளாஸ்டிக் விமான மாடல் கிட் பெட்டிக்குள் சட்டத்தோடு ஒட்டியிருந்த பாகங்கள், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீகால் சின்னங்கள், படம் போட்ட குறிப்புத்தாள் எல்லாம் சரியாகவே இருந்தன. ராயபுரத்தில் நவம்பர் மாதம் எப்படி இருக்கும் என்பதற்கு மட்டும் அதில் ஒரு படமும் இல்லை.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு விடைகொடுத்ததை டிவியில் பார்த்துவிட்டு, அன்று ராத்திரியே ஆர்டர் போட்டேன். 1963இல் நம் விமானப்படைக்கு வந்தது, அறுபது வருஷத்துக்கு மேல் பறந்திருக்கிறது. நான் எடுத்தது 1/72 அளவு. நிஜத்தில் ஆறடி என்றால் மாடலில் ஒரு அங்குலம். மிக்-21இன் இறக்கை நுனிக்கு நுனி 7.15 மீட்டர், ஆக மாடலில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. எங்கள் வீட்டு ஷோகேஸுக்கு அதற்கு மேல் கட்டுப்படியாகாது.

கடைசிவரை பறந்தவை பைசன் என்ற மேம்படுத்திய ரகம். என்னுடைய கிட் அதற்கு முந்தைய பிஸ் ரகம். பைசனில் முன்கண்ணாடி ஒரே துண்டு, பிஸ்ஸில் குறுக்கே சட்டம் போட்டிருக்கும். விஷயம் தெரிந்தவர் பார்த்தால் முதலில் இதைத்தான் பிடிப்பார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

இதற்கு முன் செய்தது மூன்றே மாடல். மூன்றாவதில் மூக்கு வெடித்தது. அந்தக் கதையைச் சொன்னால்தான் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்கு ஏன் போனேன் என்பது புரியும். மூக்கடியில் ஒரு சக்கரம் உள்ள விமானத்தில் முன்பக்கம் எடை இல்லாவிட்டால், மாடல் வாலைத் தரையில் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அதற்காக வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி, மூக்குக்குள் ஃபெவிகால் ஊற்றி ஒட்டியிருந்தேன். ஒரு வருஷம் கழித்து மூக்கின் ஒட்டு தானாகப் பிளந்துகொண்டது. உள்ளே ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அந்த வெள்ளைப் பசையோடு ஈயம் சேர்ந்தால் மெதுவாக அரித்து ஊதிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இந்தத் தடவையும் அதே கடையில் அதே ஈயக் குண்டுதான் வாங்கினேன். பத்து குண்டு மட்டும் கேட்டதற்குக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் ஃபெவிகாலுக்குப் பதில், பிசைந்து ஒட்டும் எம்-சீல். மிக்-21இன் மூக்கில் காற்று போகும் வாயின் நடுவே ஒரு கூம்பு இருக்கும். குண்டுகளைச் சுத்தியலால் நசுக்கி, எம்-சீலோடு பிசைந்து கூம்புக்குள் அடைத்தேன். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்கக் கூடாது.

ஒட்டுவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாகங்களைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவிக் காயவைத்தேன். அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. மாடலுக்கென்று விற்கும் சிமெண்ட் உண்மையில் பசையே இல்லை. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். சந்து விழுந்த இடத்துக்கு, மிச்சமான சட்டத்தைப் பொடியாக நறுக்கி அதே சிமெண்டில் ஊறவைத்துக் குழம்பாக்கிப் பூசினேன். ஆசாரி வைத்திருக்கும் உப்புத்தாள் இதற்கு முரடு. ஹார்டுவேர் கடை வாட்டர் பேப்பரில் 400, 800, 1500 என்று படிப்படியாக, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். ஃபெவிக்விக்கைக் கண்ணாடிப் பாகத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டாலே கண்ணாடி புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.

பெயிண்டில்தான் மாட்டிக்கொண்டேன். வெளிர் சாம்பல் நிறம் நன்றாகவே விழுந்தது. டீகால் ஒட்டுவதற்கு முன் பளபளப்பாகக் கிளியர், அதாவது நிறமில்லாத வார்னிஷ், அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சொரசொரப்பில் காற்று மாட்டிக்கொண்டு டீகாலுக்கு அடியில் வெள்ளி மாதிரி மின்னும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மழை விட்ட கையோடு, ஏர்பிரஷ்ஷையும் கம்ப்ரஸரையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கிளியர் அடித்த அரை நிமிஷத்தில், கண்ணெதிரே இறக்கை முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெளுத்தது. துடைத்தேன், போகவில்லை. போதாக்குறைக்கு வால் மேல் ஒரு கொசு வந்து உட்கார்ந்து, அங்கேயே தங்கிவிட்டது.

பழைய வண்ணாரப்பேட்டையில் கார் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரைத் தெரியும். டப்பாவில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"மழை நாள்ல அடிச்சியா தம்பி? கார் பானட்டே இப்படித்தான் வெளுக்கும். உன்னுது கையளவு இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம்."

விளக்கமும் அவரே சொன்னார். தின்னர் வேகமாக ஆவியாகும்போது அடித்த இடம் சில்லென்று ஆகிறது. ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளியே வியர்க்கிற மாதிரி, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் இறங்கி, காயும் கிளியருக்குள் மாட்டிக்கொள்கிறது. கடற்கரை ஏரியா, மழைக்காலம், சாயங்காலம் என்று மூன்றையும் சேர்த்து வைத்து நான் அடித்திருக்கிறேன். மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னரை ஒரு சின்ன ஜூஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "பிளாஸ்டிக்குன்னு சொல்ற. ஊத்திடாத, தூறல் மாதிரி விடு" என்றார்.

வீட்டுக்கு வந்து முதலில், பெயிண்ட் அடித்து வைத்திருந்த சட்டத் துண்டில் பார்த்தேன். ஒரு சொட்டு நேராக விட்ட இடத்தில் பிளாஸ்டிக்கே இளகிக் குழிந்தது. தூரத்திலிருந்து தூறல் விட்டபோது தாங்கியது. மூன்று நாள் காத்திருந்து, வெயில் அடித்த ஒரு மத்தியானம், காலைப் பனியும் சாயங்காலக் கொசுவும் இல்லாத பன்னிரண்டு மணிக்கு மேல், இறக்கையில் இரண்டே வீச்சு. மேல்தோல் மறுபடி இளகி ஈரம் வெளியேற, வெளுப்பு ஓரத்திலிருந்து மெல்ல மறைந்ததைக் குனிந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். கொசுவின் ஒரு கால் மட்டும் இன்னும் வாலில் இருக்கிறது. தெரிந்தால்தான் தெரியும்.

கிட்டோடு வந்தது சிவப்பு நட்சத்திர டீகால். வெளியே காவி, நடுவே பச்சை என்று நம் விமானப்படை வட்டத்தைத் தனியாக வாங்கினேன். முதல் டீகாலை எங்கள் போர் தண்ணியில் ஊறவைத்து ஒட்டினேன். காய்ந்ததும் சுற்றிலும் உப்பு வெள்ளையாக வட்டம் போட்டது. மீதிக்கெல்லாம் கேன் தண்ணீர். "குடிக்கறதுக்கே கணக்குப் பாத்து வாங்குறோம்" என்றார் அம்மா. ஃபேனை வேறு நிறுத்தியிருந்தேன், அதுவும் அவர் கணக்கில் சேர்ந்தது.

ஒருவழியாக முடித்து ஷோகேஸில் வைத்த இரண்டாம் நாள், அம்மா தூசி தட்டியதில் மூக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்கும் பிடாட் குழாய் முறிந்தது. அந்தக் குழாய் முறியாத மிக்-21 மாடலை நான் பார்த்ததில்லை, அதனால் கோபம் வரவில்லை. மெடிக்கல் ஷாப்பில் 24 கேஜ் ஊசி ஒன்று வாங்கி, அளவாக வெட்டிச் செருகினேன். வெட்டிய முனையை உப்புத்தாளில் தேய்க்க நினைத்து, மறந்துபோனேன். அந்தத் தட்டை மட்டும் அம்மா இப்போது தூசி தட்டுவதில்லை.