கழுத்தில் அறுநூறு கிராம்: சிறிய டிஎஸ்எல்ஆருடன் சிங்கப்பூரில் நடந்து பார்த்தது

கேமரா வாங்க நினைப்பவர்கள் எடையை ஒப்பிடும்போது பாடியின் (லென்ஸ் மாட்டாத கேமராவின்) எடையைத்தான் பார்க்கிறார்கள். கேனன் இஓஎஸ் 200டி, பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 453 கிராம். நிக்கான் டி3500 அதே கணக்கில் 415 கிராம். இரண்டுமே 24 மெகாபிக்சல். இந்த 38 கிராமுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. தோள் வலிக்குமா, படம் நன்றாக வருமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை லென்ஸில்தான் கிடைக்கிறது. 200டியை வைத்துக்கொண்டு, லென்ஸை மட்டும் மாற்றி மாற்றி, சில மாதங்களாக ஊரைச் சுற்றிவருகிறேன். தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

இந்தக் காலத்தில் எதற்கு டிஎஸ்எல்ஆர் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி (மிரர்) எழுந்து தாழ வேண்டும். அதற்கு இடம் விட, கேனன் தன் டிஎஸ்எல்ஆர்களின் இஎஃப் மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து) சென்சார் வரை 44 மில்லிமீட்டர் ஒதுக்கியிருக்கிறது. கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) ஆர்எஃப் வகையில் அது 20 மில்லிமீட்டர்தான். அதனால் 2023இல் வந்த கேனன் ஆர்50 கேமரா 375 கிராமில் முடிந்துவிட்டது. ஆனால் எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால், பயன்படுத்திய இஎஃப் லென்ஸ்கள் கோல்மன் ஸ்ட்ரீட் பக்கத்துக் கடைகளில் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கின்றன. பாடி ஒன்றுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் பாடியையும் லென்ஸ்களையும் சேர்த்தே வாங்க முடிந்தது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் திரையைப் பார்க்காமல் நேரே காட்சியைப் பார்க்கிறோம் என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. உச்சி வெயிலில் இதன் அருமை தெரியும்.

முதலில் கூடவே வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸ். இந்த எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும், காட்சியின் அகலம் குறையும். எடை 215 கிராம். பாடியோடு சேர்த்து 668. ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் நண்பகல் வெளிச்சத்தில் இதிலும் கைப்பேசியிலும் ஒரே காட்சியை எடுத்து, வீட்டில் காட்டினேன். கைப்பேசித் திரையில் பார்த்தபோது எது எதில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கணினியில் பெரிதாக்கினால், தொலைவில் மரக்கிளைகள் தனித்தனியாகத் தெரிவது டிஎஸ்எல்ஆரில்தான். கைப்பேசிப் படத்தில் அவை பச்சைச் சாயம் பூசியதாக ஆகிவிடுகின்றன. பகல் வெளிச்சத்தில் இவ்வளவுதான் வித்தியாசம். இதற்காக மட்டும் அறுநூற்றுச் சொச்சம் கிராமைச் சுமக்கச் சொல்லமாட்டேன்.

பொழுது சாய்ந்ததும் கதை மாறுகிறது. 200டியின் சென்சார் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். ஒரு அங்குல வகை என்று சொல்லி விற்கும் உயர்விலைக் கைப்பேசிகளின் சென்சாரே 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான், பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய சென்சார் அதிக ஒளியைப் பிடிக்கும். ஆனால் அந்த ஒளியை உள்ளே விட வேண்டியது லென்ஸ். 18-55 லென்ஸ் 55இல் எஃப்/5.6 வரைதான் திறக்கும். எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. இங்கேதான் ஒரு லென்ஸின் தரம் பாடியின் தரத்தைக் கீழே இழுக்கிறது. உள்ளே நல்ல சென்சார் இருந்தும் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) 6400க்கு ஏற்றி, மணல் தூவியதுபோன்ற படத்தோடு திரும்ப வேண்டியிருக்கிறது.

அதனால் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸுக்குப் போனேன். எடை 160 கிராம். எஃப்/5.6ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி உள்ளே வருகிறது. அதே வெளிச்சத்தில், அதே ஷட்டர் வேகத்தில் (ஒளி உள்ளே விழும் நேரத்தில்), 6400க்குப் பதில் 640 போதும். காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதே மனம் துள்ளியது.

லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் ஒரு பூக்கடையில் இதைச் சோதித்தேன். மாலை கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் அனுமதி கேட்டேன். "முகம் வேண்டாம் தம்பி, கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். கையை மட்டும் எடுப்பது எளிது என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதல் சிக்கல் விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை 1/250 நொடிக்கு வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழுகிறது. 1/100க்கு இறக்கினால் பட்டை போய்விடுகிறது. ஆனால் விரல்கள் கலங்கிவிடுகின்றன. சற்று நேரம் நின்று கவனித்ததில் வழி கிடைத்தது. இரண்டு சாமந்திப் பூக்களை நாருக்குள் வைத்து, சுழற்றி, இழுத்து முடிச்சை இறுக்கும் அந்த இடத்தில் கை ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்துக்குக் காத்திருந்தால் 1/100இலேயே விரல் நகம்வரை தெளிவாக வந்துவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் ஆழம். முக்கால் மீட்டர் தொலைவிலிருந்து எஃப்/1.8இல் எடுத்தால், தெளிவாக இருக்கும் பகுதி இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. கட்டைவிரல் தெளிவாக இருந்தால் நார் கலங்குகிறது; நார் தெளிவாக இருந்தால் பூ கலங்குகிறது. எஃப்/2.8க்கு மூடினேன், ஐஎஸ்ஓ 1600 ஆயிற்று. அதில்தான் நார், முடிச்சு, விரல் மூன்றும் சேர்ந்து வந்தன. 1600இல் இந்தக் கேமரா தரும் படத்தில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் எஃப்/2.8 போதும் என்றால் 24 மில்லிமீட்டர் லென்ஸே போதுமே என்று தோன்றியது. கேனனின் 24 எஃப்/2.8 எஸ்டிஎம், 2014இல் வந்த தட்டை லென்ஸ். எடை 125 கிராம், நீளம் 22.8 மில்லிமீட்டர். பாடியோடு சேர்த்து 578 கிராம். 50ஐவிட 35 கிராம்தான் குறைவு என்பதால் இதை ஒதுக்கிவிடாதீர்கள். மூக்கு நீட்டாத கேமரா என்பது நடைமுறையில் வேறு பொருள். குடை, தண்ணீர்ப் புட்டி, மதிய உணவு எல்லாம் இருக்கும் அலுவலகப் பையில் படுத்த வாக்கில் நுழைகிறது. காலை நெரிசலில் எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரின் விலாவில் இடிப்பதில்லை.

மறுபடியும் அதே பூக்கடைக்குப் போனேன். கை அதே அளவில் படத்தில் தெரிய வேண்டுமானால் இந்த லென்ஸில் பாதித் தொலைவுக்கு நெருங்க வேண்டும். 16 சென்டிமீட்டர் வரை நெருங்கினாலும் ஃபோகஸ் செய்கிறது என்பதால் அதில் தடையில்லை. கையின் அளவு ஒன்றாகவும் எஃப் எண் ஒன்றாகவும் இருந்தால் தெளிவின் ஆழமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒளியும் அதேதான். கூடுதலாக, பின்னால் குவித்திருந்த பூக்களும் வாழைநார்ச் சுருளும் தொங்கும் மாலைகளும் படத்துக்குள் வந்தன. 50இல் எடுத்தது ஒரு கையின் படம். 24இல் எடுத்தது அந்தக் கடையின் படம். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். முன்னதைக் குறைசொல்லவில்லை, வீட்டில் குழந்தையின் முகத்தை எடுக்க 50தான் அழகு.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. 200டியின் வியூஃபைண்டர் வழியே ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள்தான். அவற்றில் நடுப்புள்ளிதான் நம்பகமானது. மங்கிய வெளிச்சத்தில் ஓரத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்ய வேண்டுமானால் திரைக்கு மாறி, விரலால் தொட்டு எடுப்பது எவ்வளவோ மேல். அதில் இருக்கும் டூயல் பிக்சல் முறை சென்சாரிலேயே ஃபோகஸைக் கணக்கிடுகிறது.

சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்கு மட்டும் 55-250 லென்ஸ். எடை 375 கிராம், மொத்தம் 828. அங்கே சுமையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, வேறு வழி கிடையாது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசை வரும் கரையோரப் பறவைகள் சேற்றுத்திட்டின் மறுகோடியில்தான் நிற்கும். கைப்பேசியில் புள்ளியாகத் தெரிவது 250இல் கால், அலகு, இறகு என்று பிரிகிறது. பறவை பார்க்கும் குடிலில் முக்காலியோடு பெரிய டெலி லென்ஸ் வைத்திருந்த ஒரு அண்ணன் என் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார். "தம்பி, என்னுடையதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள முடியாது" என்றார். அவர் திரையில் பறவையின் கண்ணில் மேகம் தெரிந்தது. என் படத்தில் கண் தெரிந்தது, மேகம் தெரியவில்லை. நான் அங்கிருந்து நேரே தேக்கா சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். என் வாழ்க்கைக்கு இந்த விகிதம் சரியாக இருக்கிறது.

இந்த ஊரில் எடையோடு ஈரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 200டிக்கு மழைக்காப்பு இல்லை. தூறலில் நடைபாதையில் நின்று லென்ஸ் மாற்றுவது கூடாது. ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு லென்ஸை முடிவுசெய்து மாட்டிவிடுகிறேன். மற்றவை ஈரமகற்றும் அலமாரியிலேயே இருக்கும். இந்தக் கட்டுப்பாடு எடையைக் குறைத்ததோடு, எதை எடுக்கப் போகிறோம் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வைத்தது. குளிரூட்டிய கடைத்தொகுதியிலிருந்து வெளியே வந்தவுடன் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். லென்ஸ் முழுவதும் பனி படிந்துவிடும். பையை மூடியே வைத்துச் சற்று நேரம் நடந்தால் சரியாகிவிடும்.

அச்சிட்டும் பார்த்துவிட்டேன். இந்தக் கேமராவின் படம் 6000க்கு 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்தால் 20 அங்குல அகலம் வரை போகலாம். 12க்கு 8 அங்குலத்துக்கு ஒன்பது மெகாபிக்சல்கூடத் தேவையில்லை. ஆகவே 24 லென்ஸில் எடுத்த படத்தைப் பாதியளவு வெட்டியும் 12 அங்குலத்தில் அச்சிட முடிகிறது. அந்த அக்காவின் கைப்படத்தை இப்படித்தான் வெட்டி, அச்சிட்டு, அவரிடமே கொடுத்தேன். கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

இப்போது வாரநாட்களில் 24, காப்பகத்துக்கு 55-250, குடும்ப நிகழ்ச்சிகளுக்கு 50 என்று பழகிவிட்டது. 18-55 அலமாரியில் இருக்கிறது, விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். அடுத்துச் சோதிக்கப் போவது 10-18, எடை 240 கிராம். நண்பர் ஒருவர் இரவல் தந்திருக்கிறார். சிராங்கூன் சாலையின் குறுகிய நடைபாதையில் நின்றபடி வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை முழுதாகப் பிடிக்க 24க்கு அகலம் போதவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனால் பஸ்கள் மறைக்கின்றன. 10இல் கோபுரம் பின்னோக்கிச் சாய்ந்து தெரியும். அதைக் கணினியில் நிமிர்த்தும்போது ஓரங்களில் எவ்வளவு தெளிவு மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு, இதை வாங்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டும்.