டெர்மினலில் விசிட்டிங் கார்டு: வலது கோடு மட்டும் நிற்கவில்லை

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து மாமாவின் விசைப்படகு பாம்பனில் கட்டிக் கிடக்கிறது. தடை மொத்தம் 61 நாள். சாயங்காலமானால் எங்கள் தங்கச்சிமடம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். நானும் அங்கேதான் லேப்டாப்போடு இருப்பேன்.

இந்த முறை கையில் எடுத்தது விசிட்டிங் கார்டு. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், என்பிஎக்ஸ் (npx) என்று தட்டி என் பேக்கேஜின் (இணையத்தில் ஏற்றி வைத்த என் நிரலின்) பெயரைக் கொடுத்தால் கார்டு திரையில் வரும். கீழே ஒரு மெனு: மெயில் அனுப்ப, என் வேலைகளைப் பார்க்க, வெளியேற. அம்புக்குறி விசையால் தேர்ந்தெடுக்கலாம். பார்ப்பவரிடம் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ் இருந்தால் போதும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். நோட் பேக்கேஜ்களை ஏற்றவும் இறக்கவும் உதவும் என்பிஎம் (npm) கருவியின் 5.2 பதிப்போடு 2017-இல் வந்த வசதி இது.

மற்றவர்கள் எழுதி வைத்த பேக்கேஜ்களையே எடுத்துக்கொண்டேன்: நிறத்துக்கு சாக், கார்டைச் சுற்றிவரும் கட்டத்துக்கு பாக்ஸன், மெனுவுக்கு இன்குயரர். நிரல் நூறு வரிகூட இல்லை. என் கணினியில் நன்றாக ஓடியது, லினக்ஸ் வைத்திருக்கும் நண்பனுக்குப் பிழை மேல் பிழை. கோப்பின் முதல் வரியில் ஷிபேங் போட மறந்திருந்தேன்; இதை எதைக் கொண்டு ஓட்ட வேண்டும் என்று சொல்லும், #! என்று தொடங்கும் வரி அது. அது இல்லாவிட்டால், நாம் தட்டும் கட்டளைகளை இயக்கும் ஷெல் அந்தக் கோப்பைத் தன் நிரல் என்று நினைத்துப் படிக்கத் தொடங்கிவிடும். சேர்த்ததும் சரியானது.

படுத்தி எடுத்தது தமிழ்தான். ஊர், தொழில் எல்லாம் தமிழில் எழுதியதும் கட்டத்தின் வலது கோடு வரிக்கு வரி முன்னும் பின்னுமாகப் போனது. எட்டிப் பார்த்த மாமா, "வலப்பக்கச் சுவர் சாஞ்சு கிடக்கே மாப்ள" என்றார்.

'மீன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் முறையான யூனிகோடில் ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று நான்கு. 'கொ' யூனிகோடில் இரண்டுதான், ஆனால் திரையில் மூன்று எழுத்தின் இடத்தை அடைக்கும். கட்டம் போடும் நிரல் ஒரு கணக்கு வைக்கிறது, டெர்மினலும் எழுத்துருவும் வேறு கணக்கில் வரைகின்றன. இடைவெளி சேர்த்து என் திரையில் நேராக்கினால் நண்பனின் திரையில் மறுபடி சாய்கிறது. மூன்று ராத்திரி இதிலேயே போயிற்று.

ஆங்கிலத்துக்கு மாற்ற மனம் வரவில்லை. பக்கக் கோடுகளை எடுத்துவிட்டேன். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் இடது ஓரமாகத் தமிழ். எனக்கு இதுதான் அழகாகவும் படுகிறது.

ஒருமுறை வெளியிட்ட பதிப்பு எண்ணை என்பிஎம் மறுபடி ஏற்காது என்பதால் 1.0.1 என்று ஏற்றினேன். அப்புறம் லேப்டாப்பை மாமா பக்கம் திருப்பினேன். கீழ் அம்பை ஒவ்வொரு தட்டாகத் தட்டி மெனுவைக் கடைசிவரை வாசித்தார்.