தட்டின் நடுவே ஒரு சுவஸ்திகம்

ஜெர்மனியில் குடியிருக்கும் என் தங்கை மகளுக்காகச் சென்ற மாதம் கும்பகோணம் கடைத்தெருவில் பித்தளைப் பூசைத் தட்டு வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த தட்டின் நடுவில் சுவஸ்திகம் பொறித்திருந்தது. படம் எடுத்து அனுப்பியதும், "அந்தக் குறி மட்டும் வேண்டாம் பெரியம்மா, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி மாளாது" என்று பதில் வந்தது.

"நம்முடையது வலப்பக்கம் திரும்புவது, ஹிட்லருடையது இடப்பக்கம்" என்றார் கடைக்காரர். பலரும் சொல்லும் சமாதானம்தான், ஆனால் சரியன்று. நாஜிக் கட்சி 1920இல் எடுத்துக்கொண்டு, 1935இல் நாட்டுக்கொடியிலேயே ஏற்றிய குறியும் வலப்பக்கம் திரும்பியதே. இடப்பக்கம் திரும்புவதோ ஜப்பானிய நிலப்படங்களில் பௌத்தக் கோயிலைக் காட்டும் அடையாளம். நாஜிகள் தங்கள் குறியைப் பெரும்பாலும் சாய்த்து வரைந்தார்கள் என்பது உண்மை. ஆனால் உற்றாரை முகாம்களில் பறிகொடுத்த வீட்டார், சாய்வை அளந்து பார்த்துவிட்டா பதறுவார்கள்? ஜெர்மானியர் அதற்கு இட்ட பெயர்கூட 'கொக்கிச் சிலுவை' என்று பொருள்படும் வேறொரு சொல்தான். நவஹோ உள்ளிட்ட அமெரிக்கப் பழங்குடியினர் சிலர், தம் நெசவில் வழிவழியாக இருந்த இதே வடிவத்தை 1940இல் கையெழுத்திட்டுக் கைவிட்டனர்.

எனக்கோ அந்த வடிவம் என்றால் மன்னார்குடி சமணக் கோயில்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு மூதாட்டி, பலகையில் பச்சரிசியைப் பரப்பி விரல் நுனியால் நான்கு கைகளையும் ஒதுக்கி ஒதுக்கி வரைந்தார். தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்னும் நான்கு பிறவிகள் அவை. மேலே வைத்த மூன்று புள்ளிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். அதற்கும் மேலே பிறையும் ஒரு புள்ளியும், விடுபட்ட உயிர் சேரும் இடம். மங்கலக் குறி என்று நாம் வாசலில் மஞ்சளால் போடுவது, அவருக்குப் பிறவியிலிருந்து தப்பும் வழியின் வரைபடமாக இருந்தது.

கொள்ளிடத்துக்கு வடக்கே திருவெள்ளறையிலோ அது வெறும் படிக்கட்டு. பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் தோண்டுவித்த மாற்பிடுகு பெருங்கிணறு, நான்கு புறமும் மடங்கி இறங்கும் படிகளால் அந்த வடிவத்தைப் பெற்றது. ஒரு கையில் குளிப்பவர் மறு கையில் நிற்பவர் கண்ணுக்குப் படமாட்டார். வெட்டியவர் மனத்தில் மங்கலம் இருந்ததோ மறைப்பு இருந்ததோ, நான் மறைப்பின் பக்கம்தான் நிற்பேன்.

கடைக்காரர் வேறு பேசாமல் தாமரை பொறித்த தட்டை எடை போட்டார். முதல் தட்டையும் சேர்த்தே கட்டச் சொன்னேன். அது என் வீட்டுப் பூசை அலமாரிக்கு.