எச்டி 800: அந்த 6 கிலோஹெர்ட்ஸ் மேடு

மார்ச் 2, 2025, ஞாயிறு

சென்ஹைசர் எச்டி 800 ஹெட்போன் கைக்கு வந்துவிட்டது, செகண்ட் ஹேண்ட். 2009-இல் வந்த மாடல். ஒலியை எழுப்பும் ட்ரைவர் 56 மி.மீ. வளையம்; மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 300 ஓம். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி இடத்திலிருந்து கேட்கிறது. இந்த விசாலத்துக்காகத்தான் வாங்கினேன். ஆனால் பாடகி ‘ஸ’, ‘ஷ’ சொல்லும்போதெல்லாம் காதைக் குத்துகிறது. 6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் இதற்கு ஒரு மேடு உண்டு, அதாவது அந்த உயர் சுருதி மட்டும் தூக்கலாகக் கேட்கும் என்பது ஊரறிந்த விஷயம். அதைக் குறைக்கப் பார்க்கிறேன். எதைச் செய்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடிய வேண்டும்; வெட்டுவது, துளைப்பது கிடையாது.

மார்ச் 4, செவ்வாய்

“முதலில் கேபிளை மாற்று” என்கிறார் நண்பர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சில மீட்டர் செம்புக் கம்பியின் தடை அரை ஓம் என்றே வைத்துக்கொள்வோம். 300 ஓமுக்கு முன்னால் அது 0.02 டெசிபல்கூட வராது. கேபிள் அறுந்தால் மாற்றலாம்.

ஹெட்போனை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர், அதாவது ஆம்ப், வேறு விஷயம். 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இந்த ஹெட்போனின் மின்மறுப்பு 600 ஓமைத் தாண்டும். வெளியீட்டு மின்மறுப்பு (ஆம்பின் உள்ளேயே இருக்கும் தடை) 120 ஓம் உள்ள ஆம்பில் செருகினால் பாஸ், அதாவது கீழ்ச் சுருதி, ஒரு டெசிபலுக்கு மேல் தூக்கும். சிலருக்கு அதுவே போதும், மேடும் அவ்வளவாக உறுத்தாது.

மார்ச் 8, சனி

அளக்கும் வேலை. தட்டையான பலகையில் துளையிட்டு மைக்கைப் பொருத்தி, அதன்மேல் ஹெட்போனை வைத்து 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலியை ஓடவிட்டேன். எடுத்து மறுபடி வைத்தால் மேல்பகுதி வேறு மாதிரி வருகிறது! ஒவ்வொரு தடவையும் எடுத்து வைத்து அளந்து, சராசரி பார்ப்பதுதான் வழி. பலகைக்குக் காதுமடல் இல்லை. அதனால் வரைபடத்தின் வடிவத்தை அப்படியே நம்பக் கூடாது. மாற்றம் செய்வதற்கு முன்னும் பின்னும் அளந்ததில் உள்ள வித்தியாசத்தை மட்டும் நம்பலாம்.

மார்ச் 9, ஞாயிறு

காதுமெத்தையைக் கழற்றி, ட்ரைவரைச் சுற்றியுள்ள பரப்பில் மெல்லிய ஃபெல்ட் துணியை வளையமாக வெட்டி வைத்தேன். 6 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 5.7 செ.மீ.; கிண்ணத்தின் அளவும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான். உள்ளே எதிரொலித்துத் திரும்பும் ஒலியைத் துணி கொஞ்சம் விழுங்கும்.

விழுங்கவும் செய்தது. கூடவே 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருந்ததையும் சேர்த்து விழுங்கிவிட்டது. மேடு இறங்கியது, விசாலமும் சுருங்கியது. துணியைச் சின்னதாக்கினால் விசாலம் வருகிறது, கூடவே குத்தலும். பேரம் படியவில்லை.

மார்ச் 12, புதன்

வேலை அதிகம். ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 15, சனி

ட்ரைவர் வளையமாக இருப்பதால் நடுவில் காலியிடம் உண்டு. அங்கே உட்காரும் சின்ன ரெசனேட்டர் ஒன்றை ஆர்வலர்கள் உருவாக்கியிருக்கிறார்கள், எஸ்டிஆர் என்பார்கள். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஒலிக்குமே, அதே தத்துவம்தான், ஆனால் தலைகீழ்: தன் சுருதிக்குரிய ஒலியை மட்டும் இது உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே வைக்கும் பஞ்சு அந்த உறிஞ்சலைக் கொஞ்சம் அகலப்படுத்தும். 2016-இல் வந்த எச்டி 800 எஸ்-இல் சென்ஹைசரே இப்படியோர் உறிஞ்சியை வைத்தது. ஆக, இது வெறும் வீட்டு வைத்தியம் இல்லை.

பொருத்தி அளந்தேன். 6 கிலோஹெர்ட்ஸ் தெளிவாக இறங்கியிருக்கிறது, 10-க்கு மேலே கிட்டத்தட்ட அசையவில்லை. துணிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

மார்ச் 16, ஞாயிறு

குறிப்பிட்ட சுருதியை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரையும் விட்டுவைக்கவில்லை. அதே இடத்தில் அதே அளவு குறைத்து, ஒலியளவைச் சமமாக்கி, ரெசனேட்டரோடு ஒப்பிட்டேன். சமமாக்காவிட்டால் சத்தம் கூடுதலாக உள்ளதே நல்லதாகத் தோன்றும். மாடிஃபிகேஷன் புகழ்ச்சிகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான் என்பது என் சந்தேகம். ஒரே ட்ராக்கில் என்னால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கணினியில் மட்டும் கேட்பவர் ஈக்வலைசரோடு நிறுத்திக்கொள்ளலாம், காசும் மிச்சம். நான் சிடி ப்ளேயரிலும் கேட்பவன். அதில் ஈக்வலைசர் இல்லை. ரெசனேட்டர் அங்கேயே இருக்கட்டும். அடுத்து காதுமெத்தை: பழையது தட்டையாகிவிட்டது. புதியதை மாட்டியதும் காதுக்கும் ட்ரைவருக்கும் இடைவெளி கூடும், எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும்.