நிரலுக்கு ஓர் அனுமதி, முறைக்கு இன்னோர் அனுமதி

குரல் பதிவுச் செயலி ஒன்றில் ஏஏசி என்ற ஒலிச் சுருக்க வடிவம் சேர்க்க வேண்டிய வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அந்த வடிவத்தில் ஒலியைச் சுருக்கும் எஃப்டிகே-ஏஏசி நிரல் நூலகத்தை இறக்கி, ஒரே நாளில் ஓட வைத்துவிட்டார். உரிமம் பற்றிக் கேட்டதும், "சோர்ஸ் எல்லாம் திறந்துதானே இருக்கு, அப்புறம் யாருக்குப் பணம் கட்டணும்?" என்றார். நல்ல கேள்வி. இந்தத் துறைக்கு வரும் எல்லோரும் ஒருமுறை கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

இருவரும் உட்கார்ந்து அந்த உரிமக் கோப்பைப் படித்தோம். நிரலை நகலெடுக்கலாம், மாற்றலாம், நிபந்தனைகளோடு பகிரலாம். ஆனால் காப்புரிமை அனுமதி எதையும் இந்த உரிமம் தரவில்லை என்று அதிலேயே தனிப் பிரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒலி, காணொளிகளை மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக்கில் ஜிபிஎல் (மாற்றியதையும் அதே உரிமத்தில் திறந்தே பகிரச் சொல்லும் உரிமம்) பகுதிகளோடு இதைச் சேர்த்துக் கட்டமைத்தால், அதற்கு முதலில் ஓட்டும் கன்ஃபிகர் கட்டளை முடியும் இடத்தில் 'நான்ஃப்ரீ அண்ட் அன்ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்று ஒரு வரி வரும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடி மறையும் திரையில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அப்படிக் கட்டியதை வெளியே விநியோகிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள்.

பதிப்புரிமை நிரலாக எழுதப்பட்டதைக் காக்கிறது. காப்புரிமை அது செய்யும் முறையைக் காக்கிறது. யாருடைய நிரலையும் பார்க்காமல் சொந்தமாக என்கோடர் (ஒலியைச் சுருக்கும் நிரல்) எழுதினாலும், காப்புரிமை செல்லுபடியாகும் நாட்டில் அது உங்களைக் கட்டுப்படுத்தும். எம்பி3 வரலாறு முழுக்க இதுதான். 1998-ல் இலவச என்கோடர் எழுதிய பலருக்கு, எம்பி3 காப்புரிமைகளை வைத்திருந்த ஜெர்மன் ஆய்வு நிறுவனமான ஃபிரான்ஹோஃபரிடமிருந்து உரிமக் கட்டணம் கேட்டுக் கடிதம் போனது. லேம் என்ற இலவச எம்பி3 என்கோடர் திட்டத்தினர் அதனால்தான் பல ஆண்டுகள் நேரடியாக ஓடும் நிரலைத் தராமல் மூலநிரலை மட்டும் வெளியிட்டார்கள். காப்புரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகி, 2017 ஏப்ரலில்தான் அந்த உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது.

அந்தக் கடிதங்களுக்குப் பதில் போலப் பிறந்ததுதான் வோர்பிஸ் என்ற திறந்த ஒலி வடிவம். கிறிஸ் மான்ட்கோமரி தொடங்கி, சைஃப் அமைப்பு வளர்த்து, 2002-ல் 1.0 வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஒன்று உண்டு. முதலில் ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல்லில் இருந்த நூலகத்தை, மூடிய மென்பொருளிலும் சேர்க்க விடும் பிஎஸ்டி உரிமத்துக்கு 2001-ல் மாற்றினார்கள். மாற்றியதையும் திறந்தே பகிர வேண்டும் என்ற காப்பிலெஃப்ட் கொள்கையை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே அதை ஆதரித்தார். காப்புரிமை பூட்டிய வடிவத்தோடு போட்டியிட வேண்டுமென்றால், மூடிய கருவிகளுக்குள்ளும் இந்த நிரல் தடையின்றிப் போக வேண்டும். கொள்கைப் பிடிப்பு உள்ளவர்கள் எடுத்த அந்த நடைமுறை முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

ஓபஸ் என்ற அடுத்த திறந்த ஒலி வடிவம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்கைப்பின் சில்க், சைஃபின் செல்ட் என்ற இரண்டு ஒலிச் சுருக்க முறைகளையும் இணைத்து 2012-ல் ஆர்எஃப்சி 6716 என்ற இணையத் தர ஆவணமாக வந்தபோது, சைஃப், பிராட்காம், மைக்ரோசாஃப்ட் மூன்றும் தங்கள் காப்புரிமைகளைக் கட்டணமில்லாமல் தந்தன. ஓபஸைப் பயன்படுத்துவதற்காக யார் மீதாவது காப்புரிமை வழக்குப் போட்டால், போட்டவருக்கு அந்த அனுமதி போய்விடும். நிரலையும் முறையையும் சேர்த்தே திறந்து வைப்பது இதுதான். ஆனாலும் மூன்றாமவர் வந்து உரிமை கோருவதை இது தடுக்காது. சாதனத் தயாரிப்பாளர்களிடம் ஓபஸுக்குக் கட்டணம் கேட்கும் காப்புரிமைத் தொகுப்பு ஒன்று பின்னாளில் வரத்தான் செய்தது. கேட்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இப்போது எங்கள் நூலகப் பட்டியலில் உரிமம் என்ற பத்திக்குப் பக்கத்தில் காப்புரிமை என்று இன்னொரு பத்தி இருக்கிறது. அதை நிரப்பாமல் எந்தக் கோடெக்கும் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் நிரல்) உள்ளே வராது. குரலுக்கு ஓபஸ், இழப்பில்லாத சேமிப்புக்கு ஃபிளாக். ஏஏசி இல்லாமல் முடியாத இடத்தில் இயங்குதளமே தரும் என்கோடரைக் கூப்பிடுகிறோம். அதன் உரிமம் எங்கள் பயன்பாட்டுக்கும் பொருந்துமா என்று சட்டக் குழு பார்த்துச் சொன்ன பிறகுதான் வெளியீடு. அந்தப் பத்தியை நிரப்பும் பொறுப்பை அந்தத் தம்பியிடமே கொடுத்திருக்கிறோம்.